எஞ்சினுக்கு ஜன்னல் வைத்த எர்சிலியா

எர்சிலியா கரீலியோ எங்கள் வார்ப்படச்சாலையில் வேலைக்குச் சேர்ந்தது 1910 மார்ச்சில். அதற்கு முந்திய ஐந்து வருடத்தில் நான்கு இடம் மாறியிருந்தாள். சாக்லேட் தொழிற்சாலை, நெசவாலை, இரும்பு அடுப்பு வார்க்கிற பட்டறை, பித்தளைக் குழாய்க் கடை. ஒவ்வொன்றையும் ஏன் விட்டாள் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "போதும்னு தோணுச்சு." மொன்காலியேரியில் ரொட்டிக் கடை வைத்திருந்த ஒருவனுக்கு நிச்சயமாகி, அதையும் முறித்துக்கொண்டாள். அவன் தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே நாற்காலியில் உட்கார்வான் என்பதுதான் அவள் சொன்ன குற்றச்சாட்டு.

இத்தாலியில் எங்கள் தோரினோ நகரத்தில் அப்போது தெருவுக்கு ஒரு கார் கம்பெனி இருந்தது. எங்களுடையது வல்தோரா. இன்று யாருக்கும் அந்தப் பெயர் நினைவிருக்காது. நான் அங்கே தண்ணீர் மேஜையில் இருந்தேன். வார்த்து வருகிற சிலிண்டர் பிளாக்கின் ஓட்டைகளை ரப்பரும் கட்டையும் வைத்து அடைத்து, கைப்பம்பால் உள்ளே தண்ணீரை ஏற்றி, எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பது என் வேலை. சொட்டினால் சிவப்புச் சாக்கட்டியால் ஒரு வட்டம். வட்டம் போட்ட பிளாக் மறுபடி உலைக்குப் போகும். சொட்டுகிற பிளாக்கை நாங்கள் 'அழுகிறது' என்போம்.

அதுவரைக்கும் நாங்கள் இரண்டிரண்டு சிலிண்டராகத்தான் வார்த்தோம். இரண்டு ஜோடியை அடுத்தடுத்து வைத்து முடுக்கினால் நாலு சிலிண்டர் எஞ்சின். அந்த வருடம் எஞ்சினியர் ரவேராவுக்கு நாலையும் ஒரே பிளாக்காக வார்க்கவேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. எடை குறையும், நீளம் குறையும், நடுக்கம் குறையும். காகிதத்தில் எல்லாம் சரிதான்.

சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓட ஒரு வெற்றிடம் வேண்டும். இரும்பை ஊற்றும்போது அந்த இடத்தில் மணலால் செய்த ஓர் உருவம் இருந்தால்தான் இரும்பு அங்கே போகாது. இரும்பு ஆறியதும் மணலை உடைத்துக் கொட்டிவிடுவார்கள். எங்கள் பேச்சில் அந்த மணல் உருவத்துக்குப் பெயர் 'உயிர்'. ஆளி விதை எண்ணெயில் மணலைப் பிசைந்து, மரப்பெட்டியில் அழுத்தி, அடுப்பில் சுட்டு உயிர் செய்வது முழுக்கப் பெண்களின் வேலை. ஆறு பேர் இருந்தார்கள். எர்சிலியா ஏழாவது.

உயிர் அச்சுக்குள் அந்தரத்தில் நிற்காதே. அதைத் தாங்கச் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஈயம் பூசிய இரும்பு முக்காலிகள் வைப்பார்கள். கொதிக்கிற இரும்பு வந்து அவற்றையும் விழுங்கித் தன்னோடு சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பது கணக்கு.

நாலு சிலிண்டர் பிளாக்கில் அந்தக் கணக்கு நடக்கவில்லை. பத்து வார்த்தால் ஏழு அழுதது.

"மாவு பிசையுற கை. வேர்வையோட பிசைஞ்சா மணல் என்ன ஆகும்?" என்று வார்ப்பட மேஸ்திரி கசாசா எல்லார் முன்னாலும் கத்தினான். பெண்களை அனுப்பிவிட்டு ஆண்களை வைக்கப்போவதாக மிரட்டலும் உண்டு.

எர்சிலியா மணல் ஒட்டிய கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "உங்க வீட்டுல மாவு பிசையுறது யாரு மேஸ்திரி? அதைத் தின்னாம துப்பிட்டா எந்திரிக்கிறீங்க?" என்றாள்.

மற்றப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

அன்று மதியம் அவள் என் மேஜைக்கு வந்தாள். கையில் ரொட்டியும் சலாமியும். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

"நீங்கதான் எவாசியோவா? எங்க அழுவுது?"

"எங்கயாவது அழுவும்."

"எங்கயாவதுன்னா?"

"ஒரு நாள் இங்க, ஒரு நாள் அங்க."

"நாலு மாசமா வட்டம் போடறீங்க. எங்க போடறோம்னு ஒரு தடவகூட பாக்கலியா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் கேட்டது சரி. மறுநாள் ரொட்டி சுற்றி வந்த காகிதத்தில் பிளாக்கின் இரண்டு பக்கத்தையும் வரைந்தேன். மூன்று வாரம், அழுத பிளாக்குகளின் வட்டங்களை எல்லாம் அதே படத்தில் குறித்தேன். தினமும் இரண்டு தடவை அவள் வந்து, காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுப் போவாள். மூன்றாம் வாரக் கடைசியில் புள்ளிகள் ஐந்தே இடத்தில், தானியம் இறைத்த மாதிரிக் குவிந்திருந்தன.

"முக்காலி நிக்கிற இடம்," என்றாள். "ஐஞ்சும் முக்காலி நிக்கிற இடம். இரும்பு அதை முழுங்கல, ஓரத்துல சந்து விட்டுடுது. அந்தச் சந்துலதான் தண்ணி வருது. முக்காலிய சன்னமாக்கினா கரைஞ்சிடும்."

"எஞ்சினியர்கிட்ட சொல்லு."

"சொன்னா மூணு மாசம் யோசிப்பாரு. என்னால மூணு நாள் பொறுக்கமுடியாது."

மதிய இடைவேளைகளில் என் மேஜையின் கோடியில் நின்றுகொண்டு, அரத்தால் முக்காலிகளின் காலைத் தேய்த்தாள். மேல்தட்டையும் பாதியாக்கினாள். எஞ்சினியரின் படத்தில் இருந்த அளவு அது இல்லை. நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அவள் என் மேஜையில் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. மறைத்துப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை.

அடுத்த பத்தில் ஒன்றுதான் அழுதது. அதற்கடுத்த பத்தில் ஒன்றுமே இல்லை. உலையில் சூட்டைக் கூட்டியது தானே என்று கசாசா மார்தட்டிக்கொண்டான். பெண்களை அனுப்பும் பேச்சு நின்றது. எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள், எர்சிலியாவைத் தவிர.

"ரொம்ப சுலபமா முடிஞ்சிடுச்சு," என்று அவள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பெரிய ஸ்பானர் ஒன்றை எடுத்து, தேறிய பிளாக்குகளைத் தட்டிப் பார்ப்பாள். "இந்தப் பக்கம் ஒரு சத்தம், அந்தப் பக்கம் ஒரு சத்தம். கேக்குதா?"

"எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குது."

"உங்களுக்குக் காது அடைச்சுப்போச்சு."

அக்டோபர் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. எஞ்சின் ஓட்டிப் பார்க்கிற கொட்டகையில் மர்தினோ கலேசியோ ஒரு புது எஞ்சினை முழு வேகத்தில் விட்டிருந்தான். ஆறு மணி நேரம் ஓடவேண்டும். மூன்றாவது மணி நேரத்தில் பிளாக்கின் சுவர் பிளந்து, கொதிதண்ணீரும் ஆவியும் அவன் வலது கையிலும் கழுத்திலும் அடித்தன. அந்த அலறல் வார்ப்படச்சாலை வரைக்கும் வந்தது. நான் ஓடிப் போனபோது இரண்டு பேர் அவன் சட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். சட்டையோடு தோலும் வந்தது.

அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டு, பிளாக்கை அறுத்தார்கள். பிளந்த பக்கம் சுவர் தபால் அட்டை கனம். எதிர்ப்பக்கம் விரல் கனம். முக்காலிகள் இரும்பு இறுகுவதற்கு முன்பே கரைந்துபோய், பிடிமானம் இல்லாமல் உயிர் ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டது. என் பம்பு ஏற்றுகிற குளிர்ந்த தண்ணீருக்கு அந்த மெல்லிய சுவர் தாங்கியது. கொதிநிலையில் தாங்கவில்லை.

எர்சிலியா அறுபட்ட துண்டைக் கையில் எடுத்தாள். விரலால் இரண்டு பக்கமும் தடவினாள். மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நேராக மாடிப்படி ஏறினாள். நான் பின்னாலேயே போனேன்.

எஞ்சினியர் ரவேராவின் அறையில் கசாசாவும் இருந்தான்.

"முக்காலிய அரம் போட்டுத் தேய்ச்சது நான்," என்றாள். "யாரும் சொல்லல. நானாத்தான் செஞ்சேன்."

ரவேரா ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தாதவர். "எத்தனை பிளாக்?" என்று மட்டும் கேட்டார்.

அவளுக்குத் தெரியவில்லை. நான் உள்ளே போனேன். "வெடிச்சது போக அறுபத்திரெண்டு, ஐயா. நம்பர் எல்லாம் என்கிட்ட இருக்கு. அவ தேய்க்கறப்போ நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

முப்பத்துநாலு பிளாக்குகள் கிடங்கிலேயே இருந்தன. பதினேழு, முற்றத்தில் நின்ற கார்களில். பதினொன்று வாங்கியவர்களிடம் போய்விட்டன. எர்சிலியாவை மணல் சலிக்கிற வேலைக்குத் தள்ளினார்கள். கம்பெனியில் அதற்குக் கீழே வேலை கிடையாது. என்னை இரண்டு வாரம் வீட்டில் உட்காரச் சொன்னார்கள். அவளை ஏன் அன்றே அனுப்பவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறைத்திருந்தால் அந்தப் பதினொன்றும் வெடித்த பிறகுதானே தெரிந்திருக்கும் என்று ரவேரா நினைத்திருக்கலாம்.

அந்தப் பதினொரு கார்களும் அவளைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. தினமும் காலையில் வாசல் காவலாளியிடம், "இன்னிக்கு ஏதாவது வந்துச்சா?" என்பாள். திருப்பி அனுப்பச் சொல்லிக் கம்பெனி கடிதம் போட்டிருந்தது, ஒவ்வொன்றாக வந்தன. சாப்பாட்டு நேரத்தில் சல்லடையைப் போட்டுவிட்டு முற்றத்துக்குப் போய் நம்பர் பார்ப்பாள். நவம்பர் கடைசிக்குள் பத்து வந்துவிட்டது. பதினொன்றாவது தோலியானி பக்கத்து மருத்துவர் ஒருவரிடம் இருந்தது. கம்பெனி எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை.

"செத்துட்டாரோ?"

"கடிதாசு போடச் சோம்பேறித்தனம், அவ்வளவுதான்."

"ராத்திரி பகல்னு நோயாளி வீட்டுக்கு ஓடுற ஆளு, எவாசியோ. கார் மேட்டுல ஏறும், எஞ்சின் சூடாகும்." கையில் இருந்த மணலைக் கீழே போட்டாள். "ஞாயித்துக்கிழமை போறேன். வரியா?"

அப்போதுதான் முதல் தடவையாக என்னை ஒருமையில் அழைத்தாள். ரயிலில் அவள் மூன்று பெட்டி மாறினாள். ஒன்றில் காற்று இல்லை, ஒன்றில் ஆள் அதிகம், ஒன்றில் ஆளே இல்லை. இறங்கி ஏழு கிலோமீட்டர் சேற்றில் நடந்தோம். நான் நடந்தேன், அவள் ஓடினாள்.

மருத்துவர் சமையலறையில் உட்கார்ந்து வாத்துக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எர்சிலியா மூச்சு வாங்க, "ஐயா, அந்தக் காரை ஓட்டாதீங்க! எஞ்சின் வெடிச்சிடும்!" என்றாள்.

"ஓட்டறதா?" என்றார் அவர். "மாமனார் வாங்கிக் குடுத்தாரு. ஒரே ஒரு தடவ ஏறினேன், திராட்சைத் தோட்டத்துக்குள்ள விட்டுட்டேன். நான் குதிரையிலதாம்மா போறேன்."

கொட்டகையில் கார் நின்றது. பின் இருக்கையில் இரண்டு கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. எர்சிலியா அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். மருத்துவர் பயந்துபோய் நாடி பார்த்தார். பிறகு இரண்டு பேருக்கும் வாத்துக்கறி போட்டார்.

திரும்பி வரும் ரயிலில் அவள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். என் கணக்கில் கால்மணி நேரம். பிறகு கண்ணாடியில் படிந்திருந்த ஆவியில் விரலால் வரைய ஆரம்பித்தாள்.

"முக்காலி மோட்டாவா இருந்தா கசியுது. சன்னமா இருந்தா உயிர் நகருது. அப்போ முக்காலியே வேணாம்."

"வேற எது தாங்கும்?"

"அடுப்புப் பட்டறையில எப்படி வார்த்தோம் தெரியுமா? அடுப்புக்கு வாசல் இருக்கும்ல, உயிர் அந்த வாசல் வழியா வெளிய நீட்டிக்கிட்டு வந்து அச்சையே பிடிச்சுக்கும். நகரவே நகராது. பிளாக்கோட பக்கத்துலயும் வாசல் விடணும். ஜன்னல் மாதிரி பெரிசா. வார்த்து முடிச்சப்புறம் பித்தளைத் தகடு வச்சு முடுக்கிட்டா ஆச்சு."

"நீ சொன்னா இனிமே யாரு கேப்பா?"

அடுத்த ஸ்டேஷனில் மறுபடி பெட்டி மாறினோம்.

கலேசியோ வீட்டுக்கு அவள் போய்க்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். இரண்டு தடவை அவள் முகத்துக்கு நேரே அவன் மனைவி கதவைச் சாத்தியிருக்கிறாள். மூன்றாவது தடவை எர்சிலியா என்னைத் துணைக்குக் கூட்டிப்போனாள். உள்ளே இருந்து கலேசியோ, "விடுடி அவள, எத்தன நாளு வாசல்ல நிப்பா?" என்றான்.

கை முழுக்கக் கட்டு. கழுத்துத் தோல் சுருங்கி, தலை ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

"நீதான் தேய்ச்சியா?"

"ஆமா."

"எதுக்கு?"

"கசிவ நிறுத்தலாம்னு."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு."

கலேசியோ சிரித்தான். சிரிப்பு இழுத்த தோலில் வலித்திருக்கவேண்டும், உடனே முகத்தைச் சுளித்தான். "எனக்கும்தான் எல்லாம் நின்னுபோச்சு. இந்த ரெண்டு விரல்ல ஊசி குத்தினாலும் தெரியல." பிறகு, "உக்காரு," என்றான்.

அவள் உட்காரவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. நின்றபடியே ஜன்னல் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். அவன் மனைவி அடுக்களையில் பாத்திரங்களை உருட்டினாள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. கலேசியோ மட்டும் கண்ணை மூடிக் கேட்டான். இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னான்.

"ரவேரா நாளைக்கு என்னைப் பாக்க வராரு," என்றான் கடைசியில். "வாரா வாரம் ஆரஞ்சுப் பழத்தோட வந்து, என்ன பேசறதுன்னு தெரியாம உக்காந்திருப்பாரு. இதப் பேசிக்கறேன்."

பிப்ரவரியில் புதுப் படம் இறங்கிவந்தது. பக்கச் சுவரில் இரண்டிரண்டு ஜன்னல். கீழே ரவேராவின் கையெழுத்து. மரப்பெட்டி வேலை தொடங்கிய அன்று எர்சிலியா சல்லடையோடு வந்து எட்டிப்பார்த்தாள்.

"பத்தாது," என்றாள். "இது எலிப்பொந்து. இவ்வளவு ஒல்லியா கழுத்து வச்சா உயிர் முறிஞ்சிடும்."

"எஞ்சினுக்கு ஜன்னலே அதிகம்," என்றான் கசாசா. "இன்னும் பெரிசு வச்சா திரைச்சீலை வேற தைக்கணும்."

"உங்க பழைய சட்டை ஒண்ணு குடுங்க மேஸ்திரி, நாலு எஞ்சினுக்குத் தைச்சிடறேன்."

அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு ரவேரா வந்தார். என்ன என்றார். கசாசா பெரிதாக ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவர் அவனைக் கையமர்த்திவிட்டு அவளைப் பார்த்தார். "எவ்வளவு பெரிசு வேணும்?"

எர்சிலியா மணல் படிந்த கையைப் படத்தின் மேல் விரித்து வைத்தாள். "இவ்வளவு. உள்ள கை போகணும். மணலைச் சுரண்டவும் அதுதான் வழி."

ரவேரா பென்சிலை எடுத்து, அவள் கையைச் சுற்றி, விரல்களைச் சேர்த்து ஒரு நீள்வட்டம் வரைந்தார். அவ்வளவுதான் பேச்சு.

புதிய பிளாக்குகளில் முதல் நாலில் இரண்டு அழுதன. தகட்டுக்கு அடியில் வைத்த அட்டை சரியில்லை. அட்டையை மாற்றினோம். ஐந்தாவது அழவில்லை. அதை அங்கேயே அறுக்கச் சொன்னாள், அறுத்தோம். சுற்றிலும் ஒரே கனம். ஆறாவதை எஞ்சினாக்கிக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். ஓட்டுவதற்குக் கலேசியோவே வந்தான், இடது கையால். ஆறு மணி நேரம் ஓடவேண்டியதைப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டினான். எர்சிலியா உள்ளே வரவில்லை. கொட்டகையைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தாள். நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவிடுக்கில் அவள் தலை தெரியும். "ஏய், போய் ஏதாவது சாப்பிடு, எனக்குத் தலை சுத்துது!" என்று கலேசியோ கத்தினான்.

அந்த வகை எஞ்சின் ஐந்து வருடம் விற்றது. கம்பெனி அச்சடித்த விற்பனைப் புத்தகத்தில், 'தண்ணீர்ப் பாதையை எளிதில் சுத்தம் செய்ய வசதியாகப் பக்கத் தகடுகள்' என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். கோபப்படுவாள் என்று பயந்துகொண்டே அவளுக்குப் படித்துக் காட்டினேன். "சுத்தம் பண்றதுக்கா?" என்று யோசித்தாள். "அட, அதுக்கும் ஆகும்ல!"

அவளை மறுபடி உயிர் செய்யும் மேஜைக்கு அழைத்து, பன்னிரண்டு பெண்களுக்குத் தலைமையாக வைத்தார்கள். அதுதான் வினையாயிற்று. அழாத பிளாக்கைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. 1912 ஆகஸ்டில், போ ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தபோது, என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டேன்.

"நீ நல்லவன் எவாசியோ. உன்கூட இருந்தா எனக்குத் தூக்கம் வருது."

"நல்லதுதானே?"

"எனக்கில்ல," என்றாள், சிரிக்காமல். செப்டம்பரில் பிரான்சில் இருக்கிற லியோனுக்குப் போய்விட்டாள்.

பிறகு கடிதங்கள். லியோனில் மூன்று தெரு, அப்புறம் செந்தெத்தியென், யுத்தகாலத்தில் பார்சலோனாவில் விமான எஞ்சின் வார்க்கிற இடம். பார்சலோனாவில்தான் கடைசியில் நிலைத்தாள், தனக்கென்று ஒரு சிறிய பட்டறையோடு. அதையும் இரண்டு தடவை இடம் மாற்றினாள். கலியாணம் செய்துகொள்ளவில்லை.

1923 வசந்தத்தில் ஒரு நாள் வந்தாள். முதலில் கலேசியோ வீட்டுக்குப் போய்விட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவன் மனைவி இந்தத் தடவை காபி கொடுத்தாளாம். எர்சிலியாவுக்குத் தலை நரைத்திருந்தது. என் மனைவி க்ளொதில்தே கன்றுக்கறி சமைத்திருந்தாள். எர்சிலியா தட்டைக் கையில் ஏந்தி, ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே நடந்தபடி சாப்பிட்டாள்.

"கடிதாசுல எழுதினியே, அந்த வெடிச்ச எஞ்சின் கனவு, இன்னும் வருதா?" என்று கேட்டேன்.

"கனவா? முழிச்சிருக்கறப்பவே வருது. அந்தப் பதினொண்ணுல ஒண்ணு மருத்துவர் வீட்டுல இல்லாம, வேற யாராவது ஓட்டுற ஆளுகிட்ட இருந்திருந்தா..." தட்டை அலமாரியில் வைத்தாள். "ஒவ்வொரு பிளாக்கையும் தட்டிப் பாத்துட்டுத்தான் வெளிய விடறேன். பொண்ணுங்க கேலி பண்றாங்க. பண்ணட்டும்."

அவள் முகம் கழுவப் போனபோது க்ளொதில்தே என் பக்கம் குனிந்து, "இவங்களையா கட்டிக்கப் பாத்தீங்க? ஒரு வருஷத்துல உங்களுக்குக் கால் தேஞ்சிருக்கும்," என்றாள்.

எர்சிலியாவின் ரயில் ஐந்தரை மணிக்கு. வழியனுப்ப வருகிறேன் என்று சட்டை மாற்றப் போனேன். வெளியே வந்தால் ஆள் இல்லை. நாலு மணிக்கு ஜெனோவா போகிற வண்டி ஒன்று இருப்பது ஞாபகம் வந்து, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள் என்றாள் க்ளொதில்தே.